மின்னோட்டத்துக்கு ஒரு கேட் பாஸ்

V = IR என்ற சமன்பாட்டில் I என்பது மின்னோட்டம். அது சமன்குறிக்கு வலப்பக்கம், R என்கிற மின்தடையை ஒட்டினாற்போல் குடியிருக்கிறது. அதை அங்கிருந்து கிளப்பி இடப்பக்கம் கொண்டுபோக ஒரு மனிதனுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வி உலகத்தில் வேறு எங்காவது எழுந்ததா என்று எனக்குத் தெரியாது. வல்லம் வடகால் போகிற சாலையில் இருக்கும் டோட்டல் குவாலிட்டி மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் எழுந்தது. அதற்காக ஒரு கமிட்டியும் உட்கார்ந்தது.

அந்தப் பள்ளிக்கு முன்பு வேறு பெயர். தாளாளர் புருஷோத்தமன் தம் தாயார் பெயரில் சின்னப்பொண்ணு அம்மாள் நர்சரி என்றுதான் ஆரம்பித்தார். சுற்றிலும் நெல் விளைந்த நிலமெல்லாம் தொழிற்சாலையாக மாறியபோது அவரும் மாறினார். தொழிற்சாலைகளுக்கு முதலில் கேண்டீன் சாப்பாடு அனுப்பினார், பிறகு பஸ் அனுப்பினார், அதன் பிறகு ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார். மூன்றில் ஆட்கள் வியாபாரம்தான் நன்றாக ஓடியது. ஆட்கள் சாம்பார் மாதிரி ஊசிப்போவதில்லை.

ஒருநாள் காருக்குக் கதவு செய்கிற ஒரு கம்பெனியில் அவரைச் சுற்றிக் காட்டினார்கள். தரையெல்லாம் மஞ்சள் கோடு. ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். தப்பு நடந்தால் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்து லைன் நின்றது. ஒரு ஆணி வாசலைத் தாண்டுவதென்றாலும் கேட் பாஸ் வேண்டும். புருஷோத்தமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தினி வருஷமா ஸ்கூல் நடத்தறேன், ஒரு பையனையாவது கோட்டுக்குள்ள நிக்க வெச்சனா?" என்று திரும்பி வரும்போது டிரைவரிடம் சொல்லி வருத்தப்பட்டாராம்.

அடுத்த ஜூன் மாதத்தில் பள்ளிக்குப் பெயர் மாறியது. முதல்வர் என்ற பதவியை எடுத்துவிட்டு தர உறுதி இயக்குநர் என்ற பதவியைப் போட்டார்கள். ஏதோ ரப்பர் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்த ஜோயல் அதில் வந்து உட்கார்ந்தார். வகுப்புக்கு ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். கரும்பலகையில் சூத்திரங்களை மஞ்சள் பெயிண்டால் நிரந்தரமாக எழுதினார்கள், ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி ஒரு கட்டம். சமன்குறி மட்டும் சிவப்பு. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்து, "என் இடம் எது என்று எனக்குத் தெரியும். நான் அங்கேயே இருப்பேன்" என்று உறுதிமொழி எடுத்தார்கள்.

இதெல்லாம் தெரியாமல் அறிவியல் ஆசிரியராக வந்து சேர்ந்தவர் காசிராஜன். சங்கரன்கோவில் பக்கம். இயற்பியல் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, ஒரகடத்தில் ஊர்ப் பையன்கள் எடுத்திருந்த ரூமில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் முறைப்படி தூங்குகிற ரூம் அது; ஒருவன் எழுந்ததும் இன்னொருவன் படுப்பான், பாய் ஆறுவதே இல்லை. காசிராஜனுக்கு வாத்தியார் வேலை கிடைத்ததும் அவருக்கென்று ஒரு தலையணையை ஒதுக்கி மரியாதை செய்தார்கள்.

முதல் நாள் பத்தாம் வகுப்புக்குப் போனார். பலகையில் V = IR தயாராக இருந்தது. வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, பன்னிரண்டு வோல்ட், இரண்டு ஆம்பியர், மின்தடை எவ்வளவு என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை.

"இதுல என்னப்பா இருக்கு? I-ஐ அந்தப் பக்கம் கொண்டு போயிருவோம். இங்கன பெருக்கலா இருக்குறது அங்கன போனா வகுத்தல். V-க்குக் கீழ வந்துரும். R தனியா நிக்கும். ஆறு ஓம்."

சொன்னபடியே எழுதவும் செய்தார். முன்பெஞ்சில் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டான். பின்னாலிருந்து யாரோ "சார், வேணாம் சார்" என்று முனகினார்கள். அதற்குள் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்து, ஹாரன் அடித்து, பள்ளிக்கூடமே ஸ்தம்பித்தது. ஒன்றாம் வகுப்பில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த குழந்தைகள்கூடப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து நின்றன.

முதலில் ஓடி வந்தவர் கோதண்டம். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தவர். இங்கே சமன்குறிகளுக்குக் காவல். பீரியட் முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பாகப் போய், இந்தாண்ட இருக்க வேண்டியது இந்தாண்டயும் அந்தாண்ட இருக்க வேண்டியது அந்தாண்டயும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது அவர் வேலை.

"இன்னா சார், சரக்க நவுத்திட்ட?" என்றார் கோதண்டம். "பாஸ் எங்க கீது?"

"என்ன பாஸு? நான் ஒண்ணும் எடுத்துட்டுப் போகலையே. இந்தா, இங்கனதான எழுதியிருக்கேன்."

"அந்தாண்ட இருந்த I இந்தாண்ட கீது. அப்ப நவுத்தல, அதுவா நடந்து வந்துச்சா?"

காசிராஜனை ஜோயலின் அறைக்கு அழைத்துப் போனார்கள். ஜோயல் கோபப்படுகிறவர் இல்லை. கோபப்படுவதற்கு அந்த முறையில் இடமில்லை. ஒரு தவறு நடந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும், ஐந்தாவது பதில்தான் மூல காரணம் என்பது அவர் கற்ற கல்வி.

"ஏன் I நகர்ந்துச்சு?"

"மின்தடையக் கண்டுபிடிக்கணும்லா சார், அதான்."

"ஏன் கண்டுபிடிக்கணும்?"

"தெரியாததத்தான சார் கண்டுபிடிக்க முடியும்."

"தெரியாதத ஏன் கிளாஸ்ல போட்டீங்க?"

"பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு ஏன் தெரியும்?"

"படிச்சேன்லா சார்."

"ஏன் படிச்சீங்க?"

காசிராஜனுக்கு இது புதிய கேள்வி இல்லை. ஊரில் அவருடைய அப்பாவும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜோயல் மூல காரணம் என்ற இடத்தில் 'ஆசிரியர் படித்தவர்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"மனசுல வெச்சிக்காதீங்க," என்றார் ஆறுதலாக. "சிஸ்டம் எப்பவும் ஆளைக் குறை சொல்லாது. படிச்சதுக்கு நீங்க பொறுப்பில்ல. ரெக்ரூட்மென்ட்ல ஃபில்டர் ஆகாம வந்துட்டீங்க, அவ்ளோதான். இது டீவியேஷன், முறையிலேர்ந்து விலகல். இனிமே புக்ல எது எங்க இருக்கோ அது அங்கதான் இருக்கணும்."

"பொதுத்தேர்வுல மின்தடையக் கேட்டுட்டா பிள்ளைக என்ன எழுதும் சார்?"

"அதுக்கும் புரொசீஜர் இருக்கு. கேள்விங்கிறது வெளியிலேர்ந்து வர்ற சரக்கு. வாங்கறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்ஷன் பண்ணணும். புக்ல இருக்கிற மாதிரி V கேட்டா வாங்கலாம். R கேட்டா, கேள்வி ஸ்பெக்குக்கு வெளியில இருக்குன்னு எழுதித் திருப்பி அனுப்பிடணும். போர்டு நமக்கு இன்னா, கஸ்டமரா? சப்ளையர். சப்ளையர் கிட்ட நாம பயப்படலாமா?"

காசிராஜன் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர். பயப்படலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. தலையாட்டிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு ஒழுங்காக நடந்தது. I-யும் R-உம் கொடுத்து V கண்டுபிடித்தார்கள். மறுநாளும் V கண்டுபிடித்தார்கள். F = ma வந்தபோது விசை கண்டுபிடித்தார்கள்; அந்தப் பள்ளியில் எந்தப் பொருளின் நிறையையும் யாருக்கும் கண்டுபிடிக்கத் தெரியாது, அதைத் தள்ளுகிற விசை மட்டும் துல்லியமாகத் தெரியும். எழுபது சதவீதத்துக்குக் குறைந்தவர் யாருமில்லை. புருஷோத்தமனின் மகன் ஹேமந்த் அதே வகுப்பில் படித்தான். அவன் ஒருபோதும் எதையும் தவறாக எழுதியதில்லை. எதுவும் கேட்டதுமில்லை.

தொந்தரவு ஷாரோன் என்ற பெண்ணால் வந்தது. முதல் நாள் காசிராஜன் செய்த காரியத்தை அவள் மறக்கவில்லை. அரையாண்டுத் தேர்வில் மின்தடை கேட்டு ஒரு கேள்வி தவறிப்போய் வந்துவிட்டது. மற்ற எல்லாரும் அதை முறைப்படி திருப்பி அனுப்ப, இவள் I-ஐ நகர்த்தி விடை எழுதினாள். விடை சரி. பூஜ்யம் போட காசிராஜனுக்கு மனமில்லை. போட்டார்.

முதல் திருப்புதல் தேர்வில் நிறையைக் கேட்டிருந்தார்கள். ஷாரோன் மறுபடியும் நகர்த்தினாள். இரண்டாவது டீவியேஷன். அவள் பெஞ்சைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டார்கள்.

மூன்றாவது டீவியேஷனுக்கு என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிளஸ் ஒன்னில் அங்கே இரண்டே குரூப். ஒன்று முதல் குரூப். கணிதம், இயற்பியல் எல்லாம் உண்டு. மற்றது ஷாப் ஃப்ளோர் குரூப். அதில் நெடுநேரம் நிற்பது, குனிந்து எடுப்பது, எடுத்த இடத்தில் வைப்பது, மேலதிகாரிக்கு வணக்கம் சொல்வது ஆகியவை பாடங்கள். முடித்தவர்கள் நேராகப் புருஷோத்தமனின் பஸ்ஸில் ஏறி, அவர் ஆள் அனுப்பும் கம்பெனிகளுக்குப் போகலாம். மூன்று டீவியேஷன் செய்தவர்களுக்கு முதல் குரூப் கிடையாது. ஷாரோனின் ஊரான சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு பெண் தனியாகப் போய்வரக்கூடிய தூரத்தில் முதல் குரூப் வேறெங்கும் இல்லை.

"ஏம்மா, தெரிஞ்சே போய் வம்புல மாட்டுத?" என்று காசிராஜன் அவளைக் கேட்டார். "கேள்வியத் திருப்பி அனுப்பிட்டா போச்சு. முதல் குரூப் வேணும்லா உனக்கு?"

"வேணும் சார். எங்கம்மா போன் கம்பெனில லைன்ல நிக்குது. நாள் பூரா ஒரே ஸ்க்ரூ. அந்த லைன இப்டி ஓடணும்னு யாரோ ஒருத்தர் உக்காந்து கணக்கு போட்டிருப்பாங்க இல்ல சார்? நான் அந்த ஆளாவணும்."

"அப்பம் கொஞ்ச நாளைக்கு அடங்கி இரேன்."

"விடை தெரியுது சார். தெரிஞ்சிக்கினே எப்டி திருப்பி அனுப்பறது?"

காசிராஜன் அன்று ரூம்வரை இதையே யோசித்துக்கொண்டு போனார். கடைசியில், சிஸ்டம் கேட்பது பாஸ்தானே, வாங்கிவிட்டால் என்ன என்று முடிவு செய்தார். வலப்பக்கத்திலிருந்து I என்ற ஒரு உருப்படியை இடப்பக்கம் கொண்டுசெல்ல அனுமதி வேண்டி முறைப்படி விண்ணப்பித்தார். அந்தப் பள்ளியின் சரித்திரத்தில் முதல் விண்ணப்பம். ஜோயல் நெகிழ்ந்துபோய் அவருக்கு டீ வரவழைத்தார். கமிட்டி கூடியது. தாளாளர் தலைமை, ஜோயல் உறுப்பினர், வாசல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கோதண்டமும் உறுப்பினர்.

"போற I திரும்பி வருமா?" என்று ஆரம்பித்தார் ஜோயல்.

"வராது சார். அங்கனயேதான் இருக்கும்."

"அப்ப நான்-ரிட்டர்னபிள். அதுக்கு தாளாளர் கையெழுத்து வேணும்."

"திரும்பி வராதத ஏன்யா அனுப்பறீங்க?" என்றார் புருஷோத்தமன்.

கோதண்டம் தொண்டையைச் செருமினார். "சார், அது போறப்ப நல்லா மேல நின்னுகினு போச்சு. அந்தாண்ட போயி பாத்தா V-க்குக் கீழ படுத்துனு கீது. வழியில விழுந்துகீது சார். டேமேஜ்."

"விழல சார்," என்று காசிராஜன் பொறுமையாக விளக்கினார். "பெருக்கலா இருக்குறது அந்தப் பக்கம் போனா வகுத்தலா மாறும். கூட்டலா இருந்தா கழித்தலா மாறும். அதுதான் அதோட இயல்பு."

புருஷோத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு முதல் முறையாக இயற்பியல் புரிந்தது.

"அதான்யா எனக்கு பயமே. இத்தினி வருஷமா ஆள் அனுப்பறேனே, நான் பாக்காததா? இங்கேர்ந்து போறப்ப பையன் பிளஸ்ஸாதான் போறான். சொன்ன வேல செய்யறான், OT-ன்னா நிக்கறான். அடுத்த கம்பெனிக்கு மாறிப் போறான் பாரு, அங்க நாலு பேரோட சேந்து சங்கம், சம்பளம்னு பேசி மைனஸ் ஆயிடறான். இடத்த மாத்தனா குணம் மாறும். நீங்க அத புள்ளைங்களுக்கு பத்தாவதுலயே சொல்லிக் குடுக்கறீங்க."

"நான் மின்னோட்டத்தப் பத்தித்தான் சார் சொல்லுதேன்."

"எல்லாம் ஒண்ணுதான்யா. நவுந்தா மாறுது. மாறனா நம்ம கைல நிக்காது."

விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. I-ஐ அலுங்காமல் குலுங்காமல், மேலே இருந்தபடியே அந்தப் பக்கம் கொண்டுபோக வழி கண்டுபிடித்தால் பரிசீலிக்கலாம் என்று கமிட்டி பெருந்தன்மையோடு முடிவு செய்தது.

காசிராஜன் இதை வகுப்பில் போய் அப்படியே சொன்னார். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்திருக்கலாம். வரவில்லை. ஷாரோன் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் திருப்புதல் தேர்வில் அவள் எழுதியது இதுதான். V = IR. இரண்டு பக்கத்தையும் I-ஆல் வகுத்தாள். V/I = IR/I. வலப்பக்கம் மேலே ஒரு I, கீழே ஒரு I, இரண்டையும் அடித்தாள். V/I = R. முடிந்தது. எதுவும் எங்கேயும் போகவில்லை.

காசிராஜன் விடைத்தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார். இத்தனை வருஷமாகத் தானும் தன் வாத்தியாரும் அவருடைய வாத்தியாரும் அந்தப் பக்கம் போகும், இந்தப் பக்கம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது வெறும் பேச்சுதான், உண்மையில் நடப்பது இதுதான் என்று இவ்வளவு நேர்த்தியாக அவருக்கு யாரும் எழுதிக் காட்டியதில்லை. சந்தோஷத்தில் முழு மதிப்பெண் போட்டார். சாயங்காலத்துக்குள் விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், அவரையும் ஷாரோனையும்.

"நீ மூணாவது வாட்டியும் நவுத்தினியா?" என்றார் புருஷோத்தமன்.

"இல்ல சார். எதையும் நவுத்தல. R அது எடத்துலயேதான் இருக்கு. V-யும் அங்கயேதான் இருக்கு."

புருஷோத்தமன் கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் விடைத்தாளைத் தூக்கி, பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நேர்மையான மனிதர். "ஆமா சார். R அந்தாண்டதான் கீது. யாரும் கேட்டத் தாண்டல."

"அப்ப இந்த I எப்டி V-க்குக் கீழ வந்துச்சு?" என்றார் புருஷோத்தமன்.

"அது வேற I சார். ரெண்டு பக்கத்தையும் சமமா வகுத்தேன். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு."

ஜோயல் முன்னால் சாய்ந்தார். இது அவருடைய களம். "கேள்வில குடுத்தது ஒரு I. உன் ரெண்டாவது வரியில மூணு I இருக்கு. மீதி ரெண்டு எந்த ஸ்டோர்லேர்ந்து எடுத்த? சரக்கு உள்ள வந்ததுக்கு இன்வேர்டு எண்ட்ரி எங்க?"

ஷாரோன் காசிராஜனைப் பார்த்தாள். காசிராஜன் கூரையைப் பார்த்தார்.

"சரி, அத விடு," என்றார் ஜோயல். "அப்புறம் ரெண்டு I-ஐ அடிச்சிருக்க. அடிச்சது ஸ்கிராப். அந்த ஸ்கிராப் எங்க போச்சு?"

 அந்த வட்டாரத்தில் ஸ்கிராப், அதாவது கம்பெனிக் கழிவை எடுத்து விற்கும் காண்ட்ராக்ட், விளையாட்டில்லை. அதற்காகக் கட்சி மாறியவர்கள் உண்டு, உறவு முறிந்தவர்கள் உண்டு. பள்ளியின் ஸ்கிராப் எடுக்கும் உரிமை புருஷோத்தமனின் மைத்துனருடையது. அவருக்குத் தெரியாமல் இரண்டு உருப்படி கழிந்திருக்கிறது.

"I-ஐ I-ஆல வகுத்தா ஒண்ணுதான் சார் மிச்சம். அது எங்கயும் போவல," என்றாள் ஷாரோன். 

"எங்கயும் போவலன்னா காட்டு."

காட்ட முடியவில்லை. மூன்றாவது டீவியேஷன் உறுதியாயிற்று. ஷாரோனுக்கு ஷாப் ஃப்ளோர் குரூப். அவள் அங்கே அழவில்லை. வெளியே வந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதாள். காசிராஜன் பக்கத்தில் போய் நின்றார்.  தன்மேல் அவருக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது.

இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஜோயல் முறைப்படி நடப்பவர். கம்பெனிகளில் பெரிய தவறு நடந்தால் அதை மூடி மறைப்பதில்லை. அந்தத் தவறைப் படிப்படியாக வரைந்து பெரிதாக அச்சடித்து, 'இப்படிச் செய்யாதீர்' என்று எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டுவார்கள். ஜோயலும் மாட்டினார். ஷாரோனின் மூன்று வரிகளும் கதவளவுக்கு அச்சாகி வந்தன. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று வண்ணம் பிரித்து, எதை எதால் வகுத்தாள் என்று அம்புக்குறி போட்டு, அடித்த I-களை வட்டமிட்டு, யாரும் தவறிப்போய்க்கூட இதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக மிகத் தெளிவாகப் போட்டிருந்தது. வகுப்புகளில் மாட்டினார்கள், மாடிப்படியில் மாட்டினார்கள், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலேயும் மாட்டினார்கள். அந்தப் பள்ளியில் புரிகிற மாதிரி நடத்தப்பட்ட ஒரே பாடம் அதுதான்.

மூன்றாம் திருப்புதல் தேர்வில் பத்தாம் வகுப்பு மொத்தமும் மின்தடையைக் கண்டுபிடித்தது. நிறையைக் கண்டுபிடித்தது. எதிரொலிக்கும் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தது. காதைப் பொத்திக்கொண்ட பையன்கூட ஒரே தாளில் மூன்று டீவியேஷனையும் முடித்துவிட்டான். ஹேமந்த் மட்டும் கேள்விகளை முறைப்படி திருப்பி அனுப்பியிருந்தான். அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் குடிக்கும்போதுகூட அவன் குனிந்தபடியேதான் குடித்தான்.

விதி விதிதான். ஹேமந்த் தவிர வகுப்பு முழுவதற்கும் ஷாப் ஃப்ளோர் குரூப் என்று அறிவித்து, சம்மதக் கையெழுத்துப் போடப் பெற்றோர்களை வரச் சொன்னார்கள். ஷிஃப்ட் முடிந்தவர்களும் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுமாக, யூனிஃபார்மும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்து தாளாளர் அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஷாரோனின் அம்மா மரகதம் முன்வரிசையில் இருந்தாள். சம்மதத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, யார் எது சொன்னாலும் "சரிங்க சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஷாரோன் பக்கத்தில் நின்றாள்.

உள்ளே புருஷோத்தமன் ஆள் கணக்குப் போட்டு மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். ஜோயல் ஒரு சிறு விஷயத்தைச் சொன்னார்.

"சார், இப்ப முதல் குரூப்ல தம்பி ஹேமந்த் ஒருத்தர்தான். ஒரு ஆள வெச்சு குரூப் நடத்த பர்மிஷன் குடுக்க மாட்டாங்க. குரூப்பே போயிடும்."

"போனா?"

"தம்பி பிளஸ் ஒன் சேர்ற ஒரே குரூப் ஷாப் ஃப்ளோர்தான் சார். நம்ம புள்ளய வெளிய வேற ஸ்கூல்ல சேத்தா ஊர்ல கேப்பாங்க. இல்லன்னா ரூல மாத்தணும். டீவியேட் பண்ணவங்களுக்குத்தான் முதல் குரூப்னு ரூல திருப்பிப் போட்டா எல்லாரும் உள்ள வந்துடுவாங்க. ஆனா தம்பி இது வரைக்கும் ஒரு டீவியேஷன் கூட பண்ணல சார். அவர் மட்டும் வெளிய போயிடுவார். இப்ப ஒண்ணாவது பண்ணிட்டா சரியாயிடும்."

புருஷோத்தமன் ஆள் கணக்குத் தாளை ஓரமாகத் தள்ளினார். பிறகு ஹேமந்தையும் காசிராஜனையும் வரச் சொன்னார். அறையில் இருந்த பலகையில் V = IR இருந்தது.

"டேய் ஹேமந்து, அந்த மின்தடைய கண்டுபுடி," என்றார்.

ஹேமந்த் சாக்பீஸை வாங்கிக்கொண்டு பலகை முன்னால் நின்றான். "கேள்வி ஸ்பெக்குக்கு வெளிய இருக்குப்பா. திருப்பி அனுப்பணும்."

"அனுப்ப வேணாம். போடு."

"I-க்கு அந்த கட்டம்தாம்பா. நவுத்தக் கூடாது."

"நான் சொல்றேன், நவுத்து."

"நீங்கதானப்பா நவுத்தக் கூடாதுன்னு ரூல் போட்டீங்க. டெய்லி பிரேயர்ல சொல்றமே."

பையன் அடம்பிடிக்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. புருஷோத்தமனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சன்னல் திறந்திருப்பது ஞாபகம் இல்லாமல் கத்தினார்.

"டேய், அதெல்லாம் அதுங்களுக்குடா. லைன்ல நிக்கப்போற புள்ளைங்க நவுராம நிக்கணும்னு போட்டது. உனக்கில்லடா. நீ மொதலாளி. நவுத்துடா."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஜோயல் எழுந்து சன்னலைச் சாத்தப் போனார், பாதியில் நின்றார். காசிராஜன் முதல் முறையாகக் கூரையைப் பார்க்காமல் நேராகத் தாளாளரைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மரகதம் உள்ளே வந்துவிட்டாள். சம்மதத் தாளை விரித்து மேஜைமேல் வைத்தாள். அதில் கையெழுத்து இல்லை.

"எம் பொண்ணு எந்த குரூப்புன்னு இப்ப சொல்லுங்க சார்," என்றாள். "நான் ஷிஃப்டுக்குப் போவணும்."

அவள் சத்தம் போடவில்லை. அவளுக்குப் பின்னால் வாசல் நிறைய ஆட்கள் நின்றார்கள், எல்லாரும் ஏதோ ஒரு லைனில் நிற்கிறவர்கள். புருஷோத்தமனின் பஸ்ஸில் போய் வருகிறவர்களும் அதில் இருந்தார்கள். கோதண்டம் அவர்களை உள்ளே விடாமல் தடுத்திருக்க வேண்டும். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"முதல் குரூப்பும்மா," என்றார் புருஷோத்தமன். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"எல்லாருக்குமா சார்?" என்றார் காசிராஜன்.

"எல்லாருக்கும்யா."

மரகதம் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஹேமந்த் மட்டும் சாக்பீஸோடு பலகையைப் பார்த்தபடி அதே இடத்தில் நின்றான். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஷாரோன் வாசலிலிருந்து திரும்பி உள்ளே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டு பக்கத்தையும் I-ஆல வகு. அவ்ளோதான்."

அவன் கையைத் தூக்கினான், இறக்கினான். "தப்பாச்சுன்னா திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க," என்றாள் ஷாரோன். "எழுது."